கறுக்காத ஆரம்

சரி சரி, ஞாபகம் இருக்கு. பஸ்ஸை விட்டு இறங்குனதும் வாங்கிட்டு வர்றேன். கலர் இல்லாததுதானே? தெரியும், வை.

எங்க வீட்டம்மாங்க. போனை எடுத்தா வைக்கவே மாட்டா. அம்பது வயசு ஆகுது, இப்பப் போய் மாசாமாசம் நெயில் பாலிஷ் வேணுமாம். சிவப்பு, ரோசுன்னாலும் பரவாயில்ல, பூசுனா நாலு பேருக்குத் தெரியும். இவளுக்குக் கலரே இல்லாதது வேணும். தண்ணியாட்டம் இருக்கும். அதைப் பூசுனா என்ன, பூசாட்டி என்ன? சரி, ரெண்டு மாட்டை வச்சுக்கிட்டுச் சாணியிலயும் புல்லுலயும் கிடக்கறவ, ஒரு ஆசைப்பட்டுக் கேக்கறா, கேட்டுட்டுப் போகட்டும்.

இல்லயில்ல, மூட்டை அங்கயே இருக்கட்டுங்க. அந்த மூட்டையப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். பின்னாடி சீட்டெல்லாம் காலியாத்தான் கிடக்கு. வளையல் பெட்டி எட்டிப் பாக்குது, கம்மல் அட்டை எட்டிப் பாக்குது. ஃபேன்ஸி ஸ்டோருங்களா? பழனியிலயா? நல்ல வியாபாரம். கவரிங்கும் விப்பீங்கதானே? அப்ப உங்களைத்தாங்க நான் தேடிட்டு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

ஆறு மாசத்துல கறுத்துரும்னு சொல்லிக் குடுத்த கவரிங் ஆரம், பத்து மாசமாகியும் கறுக்காம இருக்குதே, அது எப்படிங்க?

இருங்க, உடனே சொல்லிராதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி மண்டி வச்சிருக்காரு. நல்ல மனுசன். அவரு தன் சம்சாரத்தோட ஆரத்தை, சம்சாரத்துக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயி... ஏங்க அப்படிப் பாக்கறீங்க? சரி விடுங்க, நான்தான். பஸ்ஸுல பாத்த ஆளுகிட்ட எனக்கென்ன மறைப்பு. நான் ஒட்டன்சத்திரத்துல இறங்கிக்குவேன், நீங்க பழனி போயிருவீங்க. பேரு சென்னியப்பன். மார்க்கெட்டுல வந்து சென்னியப்பன் மண்டின்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. ஆனா இந்தக் கதையச் சொல்லிக் கேட்டுராதீங்க.

போன மாசியில நடந்ததுங்க. தங்கம் ஒரே வாரத்துல விறுவிறுன்னு ஏறுச்சே, ஞாபகம் இருக்கா? காலையில ஒரு ரேட்டு, சாயங்காலம் ஒரு ரேட்டு. மார்க்கெட்டு வாசல்ல டீக்கடை இருக்கு. அந்த மாஸ்டர் டீயை ஆத்திக்கிட்டே தங்கம் ஏறுன கதையச் சொல்றான். அங்கதாங்க எனக்குப் பொறி தட்டுச்சு. முப்பது வருசமா மண்டி நடத்தறவன் நான். தக்காளி ஏறும், இன்னும் ஏறும், ஏலத்துல பெட்டியப் பிடுங்காத குறையா வாங்குவான். டீ மாஸ்டர் தக்காளி விலையப் பேச ஆரம்பிச்சான்னு வைங்க, மறுநாள் விழுந்துரும். ஒருக்கா ரெண்டுக்கா இல்ல, முப்பது வருசமாப் பாக்கறேன். பொன்னு விலைக்கு வித்த தக்காளிய அடுத்த வாரமே ரோட்டுல கொட்டிட்டுப் போவான். ஏறுன சரக்கு இறங்காம இருந்ததா எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க.

அதனால என்ன செஞ்சேன்? எங்க சாரதாமணியோட ஆரம் பீரோவுல சும்மா கிடக்கு. அவங்க அம்மா போட்டிருந்தது, அவளுக்கு வந்தது. கூட நாலு வளையல். நல்ல கனம், அந்தக் காலத்து வேலை. உச்சத்துல வித்துரணும், பதினஞ்சு நாள்ல விலை விழுந்ததும் அதே எடைக்கு வாங்கி அதே மாதிரி செஞ்சு வச்சிரணும். மிச்சப் பணத்துல அவளுக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி. திடீர்னு குடுத்தா எப்படிச் சந்தோசப்படுவா! அவளுக்காகத்தாங்க செஞ்சேன். இதுல எனக்குன்னு ஒரு மோதிரம்கூட நினைக்கல.

அவகிட்டக் கேட்டிருக்கலாமேங்கறீங்க. கேட்டா குடுப்பாளா? பொம்பளைங்களுக்கு நகை மேல இருக்கற பாசம் ரேட்டு மேல இருக்காதுங்க. மொதல்ல ஆரத்தையும் வளையலையும் போனுல போட்டோ எடுத்தேன். மதுரையில ஒரு கவரிங் கடை, நான் இன்னிக்கும் அங்க போயிட்டுத்தான் வர்றேன், அங்க காட்டி அச்சு அசலா ஒரு செட்டு செய்யச் சொன்னேன். பதக்கத்துல ஒரு சிவப்புக் கல்லு லேசா சாஞ்சிருக்கும், அதுகூட அப்படியே சாஞ்சு வந்துச்சு. அதை பீரோவுல வச்சுட்டு, ஒரிஜினலை திண்டுக்கல் கொண்டுபோய் வித்தேன். அந்த நகைக்கடைக்காரர் நல்லவருதான். எடை போட்டுட்டு, "அண்ணே, திருப்பி வாங்கறதா இருந்தா விக்காதீங்க. தக்காளி மறுநாள் அழுகிரும், அதனால வந்த விலைக்குத் தள்ளுவான். இதை வச்சிருக்கறவனுக்கு என்னண்ணே அவசரம்?" அப்படின்னாரு. சரக்கு வாங்கறவன் இப்படித்தான் பேசுவான்னு நான் காதுல போட்டுக்கல.

பதினஞ்சு நாள் ஆச்சு. இறங்கல. ஒரு மாசம் ஆச்சு. ஏறிருச்சு. சரி, ஏறட்டும், இன்னும் உயரத்துல இருந்து விழுந்தா இன்னும் நல்லா விழும்னு இருந்தேன். எங்கயோ எவனோ எவன் மேலயோ குண்டு போட்டான்னு நியூஸுல சொன்னாங்க. அவனுங்க சண்டைக்கு ஒட்டன்சத்திரத்துல நான் சாகணுமா? எங்க ஆரம் வீடு வந்து சேராததுக்குப் பாதிக் காரணம் அவனுங்கதாங்க.

நீங்க தப்பா நினைக்கக் கூடாது, அந்தப் பணத்துல ஒரு ரூபாய் நான் தொடல. பேங்குல தனியாக் கிடக்கு. நான் திருடன் இல்லைங்க. ஆனா அந்தப் பணம் இருக்கே, அது மொதல்ல ஆரமா இருந்துச்சு, வளையலா இருந்துச்சு. வைகாசியில பாத்தா வளையல் போயிருச்சு, ஆரம் மட்டும்தான் வரும். ஆவணியில பதக்கம் போச்சு. இப்பப் பாத்தா வயித்து வரைக்கும் தொங்குன ஆரம் கழுத்தோட நிக்குது. பேங்குல கிடக்கற பணம் அப்படியேதான் இருக்கு, ஆனா மாசாமாசம் குட்டையாகிட்டே போகுது.

நடுவுல ஒருக்கா வந்துச்சுங்க, நல்ல நேரம். தீபாவளிக்கு முன்னாடி மூணு நாள் சரசரன்னு இறங்குச்சு. நான் வித்த விலைக்கே வரல, ஆனா கையில இருக்கற பணத்தோட மண்டிப் பணம் கொஞ்சம் போட்டா ஆரத்தைப் பிடிச்சிரலாம். கிளம்பிட்டேன். திண்டுக்கல்ல அதே கடைப் படியேறி நிக்கறேன். அந்தக் கடைக்காரரு குடிக்கக் கலர் வாங்கிக் குடுத்து உக்கார வச்சாரு. போனைப் பாக்கறேன், இன்னும் இறங்குது. கண்ணு முன்னால இறங்குது. எவனாச்சும் இறங்கற சரக்கைப் பாதியில பிடிப்பானா? தக்காளியா இருந்தா நீங்க பிடிப்பீங்களா? நாளைக்கு இன்னும் விழும், நாளைக்கு வாங்கிக்கலாம்னு கலரைக் குடிச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா மூணு நாள் இறங்குனதை ஒரே நாள்ல ஏறிருச்சு. அன்னிக்கு எனக்கு இட்லி இறங்கல. "என்னங்க, ரேட்டு ஏறிருச்சா?"ன்னு கேக்கறா சாரதாமணி.

ஆமாங்க, அவ தினமும் கேப்பா. அது ஒரு ஆச்சரியம். முன்னெல்லாம் தங்கம் என்ன விலைன்னு அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பத்து மாசமா நான் வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டும்போதே, "இன்னிக்கு ரேட்டு என்னங்க?" ஏறிருச்சுன்னா உள்ள போயிருவா. இறங்கிருச்சுன்னா ஒரு வடை சேத்து வைப்பா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. என்கூட இருந்து அவளுக்கும் வியாபார புத்தி வருதுன்னு.

ஆனா அந்தப் புத்தி பாதிதாங்க வந்துச்சு. பால் காசை எடுத்துட்டுப் போயி நகைக்கடையில மாசச் சீட்டு கட்டறா. அன்னன்னிக்கு என்ன ரேட்டோ அந்த ரேட்டுக்கு ஒரு பொட்டுத் தங்கம் வரவு வைப்பான். ஏறுனாலும் கட்டறா, இறங்குனாலும் கட்டறா. "உச்சத்துல வாங்கறயே, உனக்கு அறிவிருக்கா? கொஞ்சம் பொறுத்தா பாதிக்குக் கிடைக்குமே"ன்னு நான் கத்தாத நாள் இல்ல. அவ சிரிச்சுக்கிட்டே, "எனக்கு உங்க அளவுக்குப் பாக்கத் தெரியாதுங்க"ன்னுட்டுப் போயிருவா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும், என்ன பண்றது.

டிக்கெட் எடுத்துட்டேங்க கண்டக்டர், ஒட்டன்சத்திரம்.

என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. ஊர்ல நகை வச்சிருக்கறவனெல்லாம் ரேட்டு ஏறுனா சிரிக்கறான். நான் ஒருத்தன்தான் இறங்கணும் இறங்கணும்னு சாமி கும்பிடறவன். ஏலம் நடக்கும்போது நான் போனைப் பாத்துட்டு நின்னதுல, எங்க மண்டிக்கே பெட்டி கொண்டுவர்ற ரெண்டு விவசாயிங்க பக்கத்து மண்டிக்குப் போயிட்டாங்க. கல்யாண வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு உள்ள போகாது. அவ கழுத்தையே பாத்துட்டு இருக்கணும். ஐப்பசியில ஒரு கல்யாணம், மண்டபத்துல இருந்து வெளிய வர்றோம், மழை. எனக்கு உசுரே போச்சு. மழையில கவரிங் நனைஞ்சா என்னாகும்? எவன் குடையோ தெரியல, பிடுங்கிட்டு ஓடி அவ தலைக்கு மேல பிடிச்சேன். நான் நனைஞ்சேன், அவ நனையல. அவ சொந்தக்காரப் பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க, இந்த வயசுல என்ன பாசம்னு. அவ மட்டும் சிரிக்கல. என்னைப் பாத்தா, முந்தானைய எடுத்து ஆரத்தை மூடிக்கிட்டா. குளிருது போலன்னு நினைச்சேன்.

வாங்கலாம்னா கைக்கு எட்டாத விலை. வெளிய சொல்லலாம்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? பொறுக்கலாம்னா தை நெருங்கிருச்சு. எங்க பொண்ணு கோகிலவாணிக்குத் தையில கல்யாணம். அந்த ஆரத்தை அழிச்சுப் புது மாடலாச் செஞ்சு பொண்ணுக்குப் போடறதுன்னு நாலு வருசத்துக்கு முன்னாடியே பேசி வச்சது. அழிக்கறதுன்னா ஆசாரி கையில போகணும். உரைகல்லுல ஒரு உரசு உரசுனாப் போதும், என் கதை முடிஞ்சுரும். கார்த்திகை பூரா எனக்குத் தூக்கமே இல்லைங்க. பாதிக் கிணத்துல கயித்தைப் பிடிச்சுத் தொங்கறவன் கதைதான். மேல ஏறவும் முடியல, கீழ குதிக்கவும் முடியல.

ஆனா பாருங்க, சாமி ஒரு பக்கம் கண்ணைத் தொறந்துச்சு. போன வாரம் ஆசாரி வீடு தேடி வந்துட்டாரு, நகையக் குடுங்க, கல்யாணத்துக்கு நாள் இல்லைன்னு. நான் அப்படியே வேர்த்து நிக்கறேன். உள்ள இருந்து சாரதாமணி வந்தா. "அதை அழிக்க மனசு வரலைங்க ஆசாரி. எங்கம்மா போட்டது, அப்படியே இருந்துட்டுப் போகட்டும். தையில என் சீட்டு முடியுது, அந்தத் தங்கத்துல பொண்ணுக்குச் செஞ்சுக்கலாம்"னு சொல்லி மோரு குடுத்து அனுப்பிச்சா. எனக்கு அவ கால்ல விழலாம் போல இருந்துச்சு. பொம்பளைங்க மனசு நேரத்துக்கு ஒண்ணு மாறும்பாங்களே, அன்னிக்கு அது மாறுனது என் அதிர்ஷ்டம்.

அதாங்க இன்னிக்கு மதுரைக்கு வந்தேன். வீட்டுல வசூலுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். கல்யாணத்தன்னிக்கு அவ அந்த ஆரத்தைப் போட்டுட்டு சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி நிக்கணும். வீடியோக்காரன் லைட்டு வேற அடிப்பான். திடீர்னு கறுத்துட்டா? அதுக்குத்தான் இன்னொரு செட்டு வாங்கிட்டேன். இந்தப் பொட்டலம்தான். அந்தக் கடைக்காரன்கிட்டயும் கேட்டேன், உன் சரக்கு பத்து மாசமாகியும் புதுசாட்டம் மின்னுதே எப்படின்னு. அவன் நம்பல. "நாலு கல்யாணத்துக்குப் போட்டிருந்தா வேர்வை பட்டு இந்நேரம் பித்தளை தெரிஞ்சிருக்கணுமே, நீங்க வேற எதையோ பாத்துட்டுச் சொல்றீங்க"ன்னான். எனக்குக் குழப்பமாப் போச்சு. இப்பச் சொல்லுங்க. நீங்களும் இதே வியாபாரம் பண்றவரு. அது எப்படிக் கறுக்காம இருக்கு?

என்னது?

மறுபடி சொல்லுங்க. பஸ் சத்தத்துல சரியாக் கேக்கல.

மேல ஒரு பூச்சு. அடிக்கடி ஒரு பூச்சுப் பூசி நிழல்ல காய வச்சா வேர்வை ஏறாது, கறுக்காது. சரி. எதைப் பூசுவாங்க?

நெயில் பாலிஷா.

கலர் இல்லாததா.

உங்க கடையில அதை நகத்துக்குன்னு வாங்கறவங்களே கம்மியா? கவரிங் போடற பொம்பளைங்கதான் வாங்குவாங்களா?

இல்லைங்க. எங்க வீட்டுல நகத்துக்குத்தான் வாங்கறா. நகத்துக்குத்தான். நீங்க ஒரு நிமிசம் பேசாம இருங்க.

அந்தக் கையி சாணி அள்ளற கைங்க. நகத்துல அவ எதையும் பூசி நான் பாத்ததில்ல. கலர் இல்லாததுதானே, பூசுனாலும் தெரியாதுன்னு இருந்துட்டேன். ஒருநாள் மத்தியானம் சோத்து நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேன். வீடெல்லாம் பெயிண்டு வாடை. அவ பீரோவுக்கு முன்னாடி தரையில எனக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கா. மடியில துண்டு விரிச்சிருக்கு. "என்ன பண்றே"ன்னேன். திரும்பல. "நகத்துக்குப் பூசறேங்க, சோறு மூடி வச்சிருக்கேன், போட்டுச் சாப்பிடுங்க"ன்னா. எனக்கு எப்பவும் அவதான் சோறு போடுவா. அன்னிக்கு ஒருநாள் நானே போட்டுச் சாப்பிட்டேன்.

எப்ப இருந்து வாங்கறா? பங்குனியில இருந்து. பங்குனியில அவ அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குத்தான் மொதமொத அதை எடுத்துப் போட்டா. போடறதுக்கு முன்னாடி கையில வச்சுத் தூக்கித் தூக்கிப் பாத்தா. "என்னங்க, லேசா இருக்குது"ன்னா. நீ குண்டாயிட்ட, அதனால நகை லேசாத் தெரியுதுன்னு சொல்லிட்டேன். பெரிய புத்திசாலித்தனமாச் சமாளிச்சுட்டேன்னு நினைச்சேன். அவ கண்ணாடிய ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னா. அப்புறம் போட்டுட்டு வந்து வண்டியில உக்காந்தா.

சீட்டும் அந்தப் பங்குனியிலதாங்க சேந்தா.

ஏங்க ஒரு வார்த்தை கேக்கல அவ? சண்டை போட்டிருக்கலாம். அண்ணனைக் கூட்டிட்டு வந்து நாலு அறை விட்டிருக்கலாம். அவங்க அம்மா நகைங்க அது. வித்தது நானு, பால் கறந்து திருப்பி வாங்கறது அவ. இதுல நான் தினமும் வீட்டுக்குப் போயி உனக்கு அறிவில்லைன்னு கத்தியிருக்கேன். ரேட்டு என்னன்னு கேட்டாளே தினமும், எனக்கு எப்ப விடியும்னு பாத்திருக்கா. மழையில முந்தானைய இழுத்து மூடுனாளே... அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க.

சொல்லிரத்தான் வேணும். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிரணும். ஆனா என்னன்னு சொல்றது? உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா? அவ என் மானத்தைக் காப்பாத்தணும்னுதானே இத்தனை நாளும் பூசுனா. நான் போட்டு உடைச்சா அவ பூசுனதெல்லாம் வீணாப் போயிருமேங்க. அப்புறம் அவ முகத்தைப் பாத்து என்னால நிக்க முடியுமா? இத்தனை நாள் ரேட்டுக்குப் பயந்து வீட்டுக்குப் போனேன். இனி அவளுக்குல்ல பயப்படணும்.

இருங்க, போன் அடிக்குது. இல்ல, அவ இல்ல. ரேட்டு. சாயங்கால ரேட்டு போட்டுட்டான்.

இறங்கியிருக்குங்க! பாருங்க, சிவப்புல காட்டுது! காலையில இருந்ததுக்கு இப்ப நல்லா இறங்கியிருக்கு. நான் சொன்னேன்ல, ஏறுனது இறங்கும்னு?

நாளைக்கே போய் வாங்கிருன்னுதான் நீங்க சொல்றீங்க. கையில இருக்கற பணத்துக்கு வர்றதை வாங்கிட்டு, அவ சீட்டையும் சேத்தா பழைய ஆரத்துல முக்கால்வாசி ஆயிரும். எனக்கும் கணக்குத் தெரியுதுங்க. நான் வாங்கறதைச் சொல்லாமலே பீரோவுல வச்சிரலாம். ஆனா... இப்பத்தானே இறங்க ஆரம்பிச்சிருக்கு. இறங்க ஆரம்பிச்ச சரக்கை மொத நாளே பிடிக்கக் கூடாதுங்க. ரெண்டு நாள் விட்டுப் பாப்போம். ரெண்டே நாள். இன்னும் விழும், எனக்குத் தெரியும்.

தலையில ஏன் கைய வைக்கறீங்க?

மார்க்கெட்டு வந்துருச்சு, நான் இறங்கணும். இந்தப் பொட்டலத்தை நீங்களே வச்சுக்கங்க, கடையில வித்துக்கங்க. இது இனி எதுக்கு? அவ பூசி வச்சிருக்கறதே போதும். காசெல்லாம் வேண்டாங்க. அதுக்குப் பதிலா, உங்க மூட்டையில அந்த பாட்டில் இருக்குமா? கலர் இல்லாதது. ஆமா, அதுதான்.

ஒண்ணு பத்தாதுங்க. ரெண்டாக் குடுங்க.